பரப்பு வரகுக்குப் பதினெட்டுக் குழி

வல்லை வெளியில் எங்களுக்கு மூன்று குழிதான்.
ஒவ்வொன்றிலும் ஒரு பால்மா ரின் புதைத்திருக்கிறது.
பரப்பு வரகுக்குப் பதினெட்டுக் குழி என்பது
நான் தினமும் எழுதும் கணக்கு.
இந்த விளையாட்டுக்கும் பதினெட்டாம்.
பதினைந்து குழி கடன்.

சனிக்கிழமை, விடிய ஐந்தரை.
உப்புப் பூத்த தரையில் அறுகுகூட இல்லை.
சோளகம் எழும்ப முன்னம் முடிக்கவேண்டும்,
எழும்பினால் பந்து அதன் சொல்லைத்தான் கேட்கும்.

குகதாசனின் மைத்துனன் ஸ்காபரோவிலிருந்து
கப்பலில் போட்ட பெட்டிக்குள்
ஒன்பது மட்டை, இருபத்துநாலு பந்து,
இடது கைக்கு மட்டும் ஓர் உறை.
வலது கையுறையைச் சுங்கத்தில் எடுத்துவிட்டார்களென்று
ஒரு மாதம் திட்டித் திரிந்தான்,
விளையாட்டே அப்படித்தான் என்று தெரியும்வரை.

வெல்டிங் பட்டறைக்காரன் அவன்.
இடுப்பைத் திருகி, பல்லைக் கடித்து,
மட்டை முதுகைச் சுற்றி வந்து முழங்காலில் முட்ட
அடிப்பான்.
இருநூற்றி முப்பது யார். நானே நாடா பிடித்தேன்.
எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்கக்கூடாது.
போன மாதம் ஒன்று உப்பாற்றுச் சேற்றில்,
ஒன்று தாழைக்குள்,
ஒன்று பருத்தித்துறை பஸ்ஸின் கூரையில்.
கொண்டக்டர் இறங்கி நின்று
மேகத்தைப் பார்த்துவிட்டு ஏறினார்.

இமெல்டா நெல்லியடித் தபாற்கந்தோரில்
முத்திரை குத்துகிறவள்.
மட்டையைத் தோளுக்குமேல் தூக்கமாட்டாள்.
டொக்.
நூற்றிப் பத்து யார், நேர்.
மறுபடி டொக்.
மூன்றாவது தட்டில் ரின் கிணுங்கும்.
அவளது பந்தில் இன்னும் கம்பனிப் பெயர் அழியவில்லை.

நான் அளவையாளன்.
கையில் இரண்டு பாகை பிசகினால்
இருநூறு யாரில் ஏழு யார் பிசகும்.
இதை நான் குகதாசனுக்கு
மண்ணில் கீறிக் காட்டினேன்.
"உது படிச்ச ஆக்களுக்கு" என்றான்,
கோட்டின்மேல் நின்றே அடித்தான்.

என் கள ஏட்டில் மூன்று நிரல்:
தூரம், விலகல், மிச்சப் பந்து.
முக்கால் வீச்சுத்தான் சரி என்கிறது ஏடு.
நூற்றி அறுபது, விலகல் நாலு.
எட்டு வாரமாய் முக்கால் வீச்சில் நிற்கிறேன்.
கை கேட்கிறது. ஏடும் சந்தோசமாய் இருக்கிறது.

புதன்கிழமை கோப்பாயில் ஒரு வேலி.
அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே நாலு விரல்,
பதினொரு வருச வழக்கு.
கதியால் ஒவ்வொன்றாய் நூல் பிடித்து வந்தேன்.
இரண்டு பேரும் என் பெருவிரலையே
பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
அண்ணன் பக்கமிருந்து தேத்தண்ணி வந்தது.
குடித்தால் சாய்ந்தவன் என்பார்கள்,
ஆறவிட்டேன்.

அதனால்தானோ என்னவோ
இன்று மூன்றாம் குழிக்குப் பெரிய மட்டையை உருவினேன்.
காற்று பிடரியில் ஏறத் தொடங்கியிருந்தது.
"இப்ப வேண்டாம்" என்றாள் இமெல்டா.
தோளுக்குமேல், அதற்கும் மேல்,
ஒரு குதி தானாய் எழும்பிற்று.
அடித்த சத்தம் எனக்குக் கேட்கவேயில்லை.
கைக்குள் ஒரு வெற்றிடம் மட்டும்,
வெண்ணெய்க்குள் கத்தி போன மாதிரி.

பந்து ஏறியது.
மூன்று பேரும் வாயைத் திறந்துகொண்டு நின்றோம்.
பிறகு வெளிச்சம் மட்டும் இருந்தது.

முக்கால் மணித்தியாலம் தேடினோம்.
ஆட்டுப் புழுக்கை, சிப்பி, ஒரு செருப்பு.
தாழைக்கு அங்கால் பந்து ஒன்று!
ஓடிப்போய்ப் பார்த்தால்
குகதாசனின் போன மாதத்துப் பந்து,
உப்பில் வெளிறி, முட்டைபோல.
அவன் அதைத் துடைத்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்,
எனது காணாமல் போனதில்
அவ்வளவு சந்தோசம் அவனுக்கு.

ஏட்டை விரித்தேன்.
தூரம்: எழுதவில்லை. விலகல்: எழுதவில்லை.
மிச்சப் பந்து: பன்னிரண்டு.

"பதின்மூண்டு" என்று திருத்தினான், பையைத் தட்டி.

இமெல்டா ஒன்றும் பேசாமல் நின்றாள்.
பிறகு சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகினாள்.
"அந்தப் பெரிசை ஒருக்காத் தாங்கோ"
என்று கையை நீட்டினாள்.